புள்ளியில் நின்ற நூல்

நுழையும்முன்

ஒரு மென்பொருள் இயங்குவதற்கு அதன் நிரல் மட்டும் போதாது. எந்த எழுத்துக்குறியீட்டைப் படிக்க வேண்டும், எந்த வரிசையில் சொற்களை அடுக்க வேண்டும், எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்னும் அமைவுகளும் உடன் வேண்டும். கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் மாணவர்கள் தொகுத்த சிறு சொற்கோவை ஒன்று, அவ்வமைவுகள் காணாமற்போனதால் மீண்டும் உருவாக முடியாமல் நின்றது. அவ்வனுபவத்தைத் தமிழாசிரியர் ஒருவர் இக்கட்டுரையில் விவரிக்கிறார்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேற்பரப்பு வரும். சங்கப் புலவர்கள் பாடிய வல்வில் ஓரியின் மலை அது. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அம்மலையில் ஊராட்சிகளின் பெயர்கள் 'நாடு' என்றே முடியும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வளப்பூர் நாடு என நீளும் வரிசையில் எடப்புளி நாடும் ஒன்று. அந்நாட்டுப் பிள்ளைகள் பயின்ற மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன்.

நான் கணினி பயின்றவன் அல்லன். முதுகலைத் தமிழும் கல்வியியலும் படித்தவன். எழுத்துருவை மாற்றத் தெரியும், மின்னஞ்சல் அனுப்பத் தெரியும், அவ்வளவே. ஆயினும் மென்பொருளின் அமைவுகளைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு பாட்டி காரணம். ஒரு மாணவன் காரணம். ஒரு புள்ளியும் காரணம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் மொழி பாடமாக வந்த புதிதில், செயல்திட்டத்திற்காக மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, எங்க ஊருச் சொல்லையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் பண்ணலாமா?" என்று கேட்டான். மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சில் வழங்கும் பயிர்ப்பெயர், கருவிப்பெயர், உறவுப்பெயர் ஆகியவற்றை மாணவர்கள் வீடுதோறும் கேட்டு எழுதினர். சிறுதானியப் பெயர்களே மிகுதியாகக் கிடைத்தன. சமவெளியில் வாழும் நமக்குச் சாமை என்பது ஒரே சாமை. மலையில் அது கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பிரியும். தினையும் செந்தினை, மூக்கந்தினை எனப் பல பெயர் பெறும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. விதைகளைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். சொற்களை நாம் காப்போமே என்பது அம்மாணவனின் எண்ணம்.

400க்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பங்கை அளித்தவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. மாணவர்கள் எல்லாருக்கும் அவர் பாட்டி, எனக்கும் பாட்டிதான். தவறாக எழுதிச் சென்றால் சிரிப்பார். சரியாக எழுதிச் சென்றால் இன்னொரு சொல் தருவார்.

அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில் அம்மாணவன் அந்நூலை உருவாக்கினான். அத்திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று, சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அவன் அதனையே பயன்படுத்தினான். சொற்பட்டியல் ஒரு கோப்பில் இருந்தது. அதனைப் படித்துப் பிழைநோக்கும் நிரல் ஒன்று, அகரவரிசையில் அடுக்கும் நிரல் ஒன்று, அச்சுப்பக்கமாக ஆக்கும் நிரல் ஒன்று என மூன்று எழுதினான். மூன்றையும் முறைப்படி இயக்குவதற்கு 'மேக்' என்னும் உருவாக்கக் கருவியை அமைத்தான்.

இந்த மேக்கின் கதையை அவன்வழியே அறிந்து, பின்னர் நானும் தேடிப் படித்தேன். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் இதனை உருவாக்கினார். அங்குப் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் என்னும் அறிஞர் ஒருநாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையோ முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மீண்டும் நிரல்பெயர்க்க மறந்ததால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சினத்தோடு வந்து புலம்பியதைக் கேட்ட ஃபெல்ட்மன், எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை ஒருமுறை எழுதிவைத்தால், மாறியவற்றை மட்டும் தானே கண்டு மீண்டும் உருவாக்கும் கருவி ஒன்றைப் படைத்தார். 2003ஆம் ஆண்டு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் அமைப்பு விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது.

அக்கருவியில் ஒரு விந்தை உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசையால் உண்டாகும் இடைவெளியோடு தொடங்க வேண்டும். இடைவெளி விசையை எட்டு முறை அழுத்தினால் கண்ணுக்கு அதுவே போலத் தோன்றும், கருவியோ ஏற்காது. இது சிக்கல் என்பதை ஃபெல்ட்மன் சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில் பயனாளர்கள் சேர்ந்துவிட்டனர். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமென்று விட்டுவிட்டார். அப்பன்னிரண்டு பேருக்காக அரை நூற்றாண்டாக உலகமே டேப் விசையை அழுத்துகிறது. சந்திப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் என்மேல் வருத்தப்படும் மாணவர்கள் இக்கருவியோடு சிலநாள் பழகிப் பார்க்கலாம்.

நூல் அச்சாயிற்று. நகலகத்தில் 20 படிகள் எடுத்தோம். பாட்டிக்கு ஒரு படி கொடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டு 11 இடங்களில் "அப்படி இல்ல சாமி" என்றார். ஓரிடத்தில் இரண்டு தானியங்களின் விளக்கம் இடம் மாறியிருந்தது. இன்னோரிடத்தில் உறவுப்பெயர் ஒன்றைச் சமவெளிப் பொருளில் எழுதியிருந்தோம். அவற்றையெல்லாம் என் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்று சொன்னேன்.

அதற்குள் தேர்வு வந்தது. கொரோனா ஊரடங்கு வந்தது. மாணவன் படிப்பை முடித்து, மலையிறங்கித் தொழிற்கல்விக்குச் சென்றுவிட்டான். பள்ளி மீண்டும் திறந்து நான் மலையேறியபோது பாட்டி இல்லை.

திருத்தங்கள் என்னிடம் இருந்தன. நூலின் கோப்புகளை மாணவன் விரலியில் நகலெடுத்துத் தந்திருந்தான், அதுவும் இருந்தது. 11 வரிகளை மாற்றி நூலை மீண்டும் உருவாக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தியிடம் அப்பணியை ஒப்படைத்தேன். அவளுடைய கணினியில் வேறோர் இயங்குதளம் இருந்தது. மேக் கருவி அதில் இல்லை. ஆகவே நிரல்களைக் கையாலேயே ஒவ்வொன்றாக இயக்கினாள். முதல் நிரலே நின்றுவிட்டது.

"ஐயா, எட்டாவது இடத்துல இருக்கற எழுத்தைப் படிக்க முடியலன்னு வருது" என்றாள்.

அப்பிழைச்செய்தியைப் பிரித்துப் பார்த்தோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இதில் உண்டு.

கணினிக்கு எழுத்து என்பது எண். ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உள்ளது. அதில் மெய்யெழுத்தின் மேல் நாம் இடும் புள்ளிக்கு உரிய எண் 3021. இத்தகைய எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதுவதற்கு 1992ஆம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த முறையே யுடிஎஃப்-8. அம்முறைப்படி ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். புள்ளிக்கு அவை 224, 175, 141 ஆகும்.

எந்த முறையில் படிக்க வேண்டும் என்று நிரலில் சொல்லாவிட்டால், அன்றைய பைத்தான் அந்தக் கணினியின் இயல்பான முறையில் படிக்கும். மாணவனின் லினக்ஸில் இயல்பு யுடிஎஃப்-8. மாணவியின் கணினியிலோ, மேலை ஐரோப்பிய மொழிகளுக்காக வகுத்த 1252 என்னும் பழைய குறியீட்டுப் பட்டியல் இயல்பாக இருந்தது. அப்பட்டியலில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. 256 இடங்களில் ஐந்து மட்டும் வெற்றிடங்கள்: 129, 141, 143, 144, 157. எங்கள் பட்டியலின் முதற்சொல் 'கட்டவெட்டிச் சாமை'. ககரத்திற்கு மூன்று பைட்டு, டகரத்திற்கு மூன்று, பிறகு புள்ளிக்கு மூன்று. சுழியிலிருந்து எண்ணினால் எட்டாம் இடத்தில் 141 வருகிறது. அங்கே வெற்றிடம். நிரல் நின்றது.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்வதை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். அப்புள்ளியில் ஒரு நூல் முட்டி நிற்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாணவி திறமையானவள். படிக்க இயலாதவற்றைத் தாண்டிச் செல்லுமாறு நிரலுக்கு ஓர் ஆணையைச் சேர்த்தாள். நிரல் ஓடியது, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, பக்கமும் உருவாயிற்று. மகிழ்ச்சியோடு திறந்து பார்த்தால், புள்ளி ஒன்றுகூட இல்லை. உகரக் குறியும் இல்லை. ஏகாரத்தில் தொடங்கும் சொற்களில் தலை போயிருந்தது, ஐகாரமும் அவ்வாறே. ஏனெனில் அவற்றின் இறுதி பைட்டுகள் முறையே 129, 143, 144. ஐந்து வெற்றிடங்களில் நான்கு தமிழின்மேல் விழுந்திருந்தன. முதலில் நின்ற நிரல் நேர்மையானது என்று அன்று எனக்குத் தோன்றிற்று. தெரியாததைத் தெரியாது என்று அது சொன்னது. ஒன்றும் சொல்லாமல் எழுத்தை விழுங்கும் நிரலே அஞ்சத்தக்கது. நான் பக்கத்தைப் பாராமல் அச்சுக்கு அனுப்பியிருந்தால் பாட்டியின் சொற்கள் புள்ளியிழந்து போயிருக்கும்.

கோப்பைத் திறக்கும் இடந்தோறும் 'யுடிஎஃப்-8 முறையில் படி' என்று வெளிப்படையாக எழுதியதும் அச்சிக்கல் தீர்ந்தது. ஆனால் நூலைப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. 'கரும்பு', 'கறவை', 'கலப்பை' என்று சொற்கள் அடுக்கப்பட்டிருந்தன. அகரவரிசையில் லகரம் முந்தும், றகரம் பிந்தும். 'கரும்பு', 'கலப்பை', 'கறவை' என்பதே முறை. மாணவன் எடுத்த முதற்பதிப்பில் அது சரியாகவே இருந்தது. ஒருங்குறிப் பகுதியில் ரகரத்திற்கு அடுத்து றகரமும், நகரத்திற்கு அடுத்து னகரமும் வைக்கப்பட்டுள்ளன. எண் வரிசையில் அடுக்கினால் இப்படித்தான் வரும். அவ்வாறாயின் மாணவனின் கணினிக்குத் தமிழ் நெடுங்கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

அவனையே கேட்பதற்குத் தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் மேட்டுக்குச் சென்று அழைத்தேன்.

"நான் தனியா ஒண்ணும் செய்யலைங்க ஐயா. என் கணினியில தானாவே வந்துச்சு" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. அடுத்த விடுமுறையில் அவன் தன் பழைய மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தான். மின்கலம் செயலிழந்திருந்தது, மின்னிணைப்பு கொடுத்து எழுப்பினோம். நூலின் கோப்புறையில், மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டுமாறு பணித்தபோது, அதுவரை கண்ணில் படாத ஒன்று வெளிப்பட்டது. அதன் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்கியது. யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், பெயரின் முதலில் புள்ளியிட்டால் கோப்பு பட்டியலில் தோன்றாது. தமிழில் புள்ளி அகரத்தை மறைக்கும். அங்கே கோப்பையே மறைக்கும். லினக்ஸின் கருநிரலை உருவாக்குவோர் தேர்ந்தெடுக்கும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட அமைவுகளும் இப்படிப் புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பிலேயே சேமிக்கப்படுகின்றன. எங்களுடையதில் இருந்தவை நான்கே வரிகள். கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் தேர்ந்து விரலியில் நகலெடுத்ததால் அந்நான்கும் மலையிறங்கிவிட்டன.

முதல் வரி மொழிச்சூழல் தமிழ் என்றது. அதுவே அகரவரிசையைத் தந்தது. அது கிடைக்காவிட்டால் எச்சரிக்காமல் எண் வரிசைக்குச் செல்லும்படி அவன் நிரலை எழுதியிருந்தான். இரண்டாவது எழுத்துருவின் பெயர். மூன்றாவது, நூலின் கோப்புறை இருக்கும் முழுப்பாதை. அதில் அவனை வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர் இருந்தது, வகுப்பே சிரித்தது. அந்தப் பெயருடைய கோப்புறை அவன் வீட்டுக் கணினியைத் தவிர உலகில் வேறெங்கும் இருக்க வழியில்லை. நான்காவது வரி தாளின் அளவு.

யுடிஎஃப்-8 பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது எங்கும் எழுதப்படவே இல்லை. ஒருமுறை எழுதி மறைந்துபோன அமைவைத் தேடி எடுக்கலாம். எழுதப்படாமலே உடனிருந்த அமைவை எங்கே தேடுவது? அதைப் பயன்படுத்தியவனுக்கே அது ஓர் அமைவு என்று தெரியாது. பாட்டி சாமை விதைப்பதைப் பற்றிப் பேசும்போது இடையில் நிறுத்தி "எப்ப பாட்டி விதைப்பீங்க?" என்று நாங்கள் கேட்டதுண்டு. "விதைக்கற நேரத்துலதான்" என்பார். அவருக்கு அது விளக்கம் வேண்டாத செய்தி. எங்களுக்கோ அதுதான் தெரியாத செய்தி.

இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி நூலின் அமைவுகளை ஒழுங்குசெய்தோம். நானும் உடனிருந்தேன், பெரும்பாலும் 'ஏன்' என்று கேட்பதே என் பணி. தமிழ் நெடுங்கணக்கு இந்நூலின் இயல்பு. அது எந்தக் கணினியில் இருந்தாலும் மாறக் கூடாது. ஆகவே உயிர் 12, ஆய்தம், மெய் 18 என்னும் வரிசையை நிரலிலேயே எழுதிவிட்டோம்; இனி அதற்காக எந்தக் கணினியின் மொழிச்சூழலையும் நம்ப வேண்டியதில்லை. முழுப்பாதையை நீக்கி, 'நிரல் இருக்கும் இடத்திலிருந்து தேடு' என்றாக்கினோம். எழுத்துருக் கோப்பையே நூலோடு சேர்த்துவைத்தோம். எஞ்சியவற்றை 'அமைவுகள்' என்று பெயரிட்ட, புள்ளியில்லாத ஒரு கோப்பில் எழுதினோம். ஒவ்வொரு வரிக்கு மேலும் அது ஏன் இருக்கிறது என்று ஒரு தமிழ் வரி. ஏதேனும் ஓர் அமைவு கிடைக்காவிட்டால் நிரல் தன் விருப்பப்படி செல்லாமல், அதன் பெயரைச் சொல்லி நின்றுவிட வேண்டும் என்றும் முடிவுசெய்தோம். இந்தக் கடைசி முடிவு என்னுடையது. மூன்று பேரில் கணினி அறியாதவன் நான் ஒருவனே என்பதால் அதனை இங்குக் குறிப்பிடுகிறேன்.

ஒரு செய்தியில் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்தியதால், நூலை அனுப்பப் பயன்படுத்தும் மின்னஞ்சலின் மறைசொல்லையும் மாணவி அக்கோப்பில் எழுதிவிட்டாள். மாணவன் பதறி நீக்கினான். 2011ஆம் ஆண்டில் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆதம் விக்கின்ஸ் இணையவழி மென்பொருள்களுக்கு 12 நெறிகளைத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று, இடத்துக்கு இடம் மாறும் அமைவுகளை நிரலில் வைக்காமல், இயங்குதளம் தரும் சூழல் மாறிகளில் வைக்க வேண்டும் என்பது. இந்த நிமிடமே நிரலை உலகறிய வெளியிட்டாலும் எந்த மறைசொல்லும் வெளிப்படாது என்று சொல்ல முடிகிறதா என்பதே அந்நெறிக்கான சோதனை. ஆகவே மறைசொல்லின் மதிப்பு வெளியே போயிற்று. 'இப்பெயரில் ஒரு சூழல் மாறி தேவை' என்னும் வரி மட்டும் உள்ளே இருக்கிறது. எழுத வேண்டியது எது, எழுதக் கூடாதது எது என்னும் பிரிவு கணினித் துறையிலும் இவ்வளவு நுட்பமாக இருப்பது எனக்கு வியப்பளித்தது.

பாட்டியின் 11 திருத்தங்களையும் சேர்த்தாயிற்று. ஆனால் இரண்டு கணினிகளிலும் சரியாக வருவதை வைத்து மகிழ மாணவன் ஒப்பவில்லை. "ரெண்டும் நாம தொட்ட கணினிங்க ஐயா. யாரும் தொடாத ஒண்ணுல வரணும்" என்றான். டெபியன் லினக்ஸைச் சேர்ந்தவர்கள் 2013ஆம் ஆண்டிலிருந்து இதனையே பெரும் முயற்சியாகச் செய்துவருகின்றனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒரே மூலநிரலை யார் எங்கு உருவாக்கினாலும் ஒரு பைட்டும் மாறாமல் அதே பயன் வர வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். அதற்குக் குறுக்கே நிற்பவற்றுள் தேதியும் ஒன்று. எங்கள் நூலின் முதற்பக்கத்திலும், உருவாக்கிய நாளைக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுத்து அச்சிடும் வரி இருந்தது. அதை நீக்கி, பாட்டி திருத்தம் சொன்ன நாளை அமைவுகள் கோப்பில் எழுதினோம்.

யாரும் தொடாத கணினி என் வீட்டில் இருந்தது. மலையிறங்கி, மகளின் மேசையில் அமர்ந்து, விரலியைச் செருகி, மாணவி எழுதித் தந்த குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தேன். முதல்முறை, சூழல் மாறி இல்லை என்று அதன் பெயரைச் சொல்லி நிரல் நின்றது. கொடுத்தேன். பக்கம் உருவாயிற்று. தொலைபேசியில் மாணவியை அழைத்தேன்.

"ஐயா, உங்க பக்கத்துல கட்டவெட்டிச் சாமை எத்தனாவது வரியில இருக்குதுங்க?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். "ஏழாவது வரியம்மா. புள்ளி மூன்றும் இருக்கின்றன."

"இங்கயும் ஏழாவதுதாங்க ஐயா" என்றாள்.